நுழையாத தோட்டா



பாடாங் செராய்ப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் நாங்கள் ஆசிரியப் பணி செய்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் நூலகத்திலிருந்து ஒரு சரித்திரப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, இடைவேளையில் வந்து நின்றான். "ஐயா, 1857ஆம் ஆண்டில் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவினார்கள், அதனால் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று இதில் போட்டிருக்கிறது. தோட்டாவைப் பொரிக்கவா போகிறார்கள்? அதற்கு எதற்கு ஐயா கொழுப்பு?" என்று கேட்டான்.

எந்தக் கொழுப்பு என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. கொழுப்பே எதற்கு என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், தெரியாத கேள்வி வந்தால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், ஆனால் நாளைக்குச் சொல்லிவிடுங்கள் என்பார். எங்களுக்கு அந்த நாளை வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். அனுமதியில்லாமல் தோட்டா தயாரிப்பது அதைவிடப் பெருங்குற்றம். எனவே இது யாரும் வீட்டில் செய்து பார்ப்பதற்கான பாடமன்று. தோட்டா ஏன் சில வேளைகளில் துப்பாக்கிக்குள் போக மறுக்கிறது என்னும் ஒரு கேள்வியைப் புரிந்துகொள்வதற்கான பேச்சு.

பழைய காலத்துச் சிப்பாய் வைத்திருந்த மஸ்கட் துப்பாக்கியின் குழல், உள்ளே வழவழவென்று இருக்கும். குழலின் வாய் முக்கால் அங்குலம். அதில் போடும் ஈயக் குண்டோ ஓர் அங்குலத்தில் நூற்றில் அறுபத்தொன்பது பங்கு அளவுதான். ஆகவே குண்டு தாராளமாக உள்ளே விழும். நுழைவதில் சிரமமில்லை, குறிதான் தவறும். பெரிய சட்டையைப் போட்டுக்கொண்ட சிறுவனைப் போல, குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் இடித்துக்கொண்டே வெளியே போகும்.

இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் ரைபிள். அதன் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றிச் சுழன்றுகொண்டு போனால் நேராகப் போகும். பம்பரம் சுற்றும்வரை சாயாமல் நிற்கிறதல்லவா, அதே நியாயம். ஆனால் பள்ளத்தைப் பற்ற வேண்டுமானால் குண்டு குழலோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் உள்ளே தள்ளுவது கடினம். இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் குழல் வாய் 0.577 அங்குலம். அதற்கு முதலில் செய்த குண்டு 0.568 அங்குலம். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒன்பது பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளிக்குள் குண்டைச் சுற்றியிருக்கும் காகிதமும் போயாக வேண்டும். ஏனென்றால் அந்நாளில் தோட்டா என்பது ஒரு காகிதச் சுருள்தான். ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. சிப்பாய் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, சுருளைத் திருப்பி, குண்டு இருக்கும் முனையைக் காகிதத்தோடு வாயில் வைத்து, மிச்சக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரும்புக் கம்பியால் குண்டைக் கீழே தள்ளுவான்.

இனி கொழுப்புக்கு வருவோம். அக்காலத்துக் கரிமருந்து எரிந்தால் முழுவதும் புகையாகப் போய்விடாது. எடையில் பாதிக்கு மேல் திடப் பொருளாக நின்றுவிடும். நாலைந்து முறை சுட்டதும் குழலின் உட்சுவரில் அடுப்புக்கரி போல ஒரு படிவு ஏறிவிடும். கால் மில்லிமீட்டர் இடைவெளியில் இந்தப் படிவும் சேர்ந்தால் அடுத்த குண்டு எப்படி இறங்கும்? வெயில் காயும் வட இந்திய மைதானத்தில் அந்தப் படிவு காய்ந்து இறுகிவிடும். எனவே குண்டைச் சுற்றிய காகிதத்தில் ஒரு பிசுக்கைத் தடவினார்கள். குண்டு இறங்கும்போது அந்தப் பிசுக்கு பழைய படிவை இளக்கும். குண்டும் வழுக்கிக்கொண்டு போகும். கொழுப்பின் வேலை இவ்வளவுதான். தோட்டாவை உள்ளே நுழைய வைப்பது.

அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று யாரும் நிச்சயமாகச் சொல்லாததும், அது பல்லில் படும் என்பதும் சேர்ந்து என்ன ஆயிற்று என்று நேயர்கள் அறிவீர்கள். 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் பயிற்சி நிலையத்தில் வதந்தி பிறந்தது. சிப்பாய்கள் தாங்களே விரும்பிய பிசுக்கைத் தடவிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அந்த மாதமே இறங்கி வந்தது. பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பிறகு பயிற்சி முறையையும் மாற்றியது. பயனில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட் நகரில் குதிரைப் படையினர் 90 பேர் முன்னே தோட்டா நீட்டப்பட்டபோது 85 பேர் தொட மறுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. அன்று நீட்டப்பட்டவை புதிய என்ஃபீல்டு தோட்டாக்களே அல்ல. அவர்கள் முன்பு பயன்படுத்திய பழைய வகைதான். நம்பிக்கை போனபின் பழையதேது, புதியதேது? மே 10ஆம் நாள் மீரட் எரிந்தது.

பலரும் எழுதாமல் விடுகிற ஒரு செய்தி இதற்குப் பின்னே இருக்கிறது. இந்தியாவின் வெப்பத்தில் பிசுக்கு உருகி ஓடியதாலும் படிவு இறுகியதாலும், அந்த 0.568 அங்குலக் குண்டை இறக்குவதற்கு வெள்ளைக்காரப் படையினரே பெரும்பாடு பட்டார்கள். கிளர்ச்சிக்குப் பிறகு குண்டின் அளவை 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள். கொழுப்பை விட்டுத் தேன்மெழுகுக்குப் போனார்கள். அதாவது இடைவெளியை ஏறத்தாழ மூன்று மடங்கு ஆக்கினார்கள். குண்டின் அடிப்பக்கம் குடைவாக இருந்ததால், சுடும்போது அது விரிந்து தானே பள்ளங்களைப் பற்றிக்கொண்டது, குறி கெடவில்லை. இதையே முதலில் செய்திருந்தால் சரித்திரம் மாறியிருக்குமா என்று மாணவர்கள் கேட்பார்கள். மாறியிருக்காது என்றே நாங்கள் நினைக்கிறோம். நிலவரி, நாடு பறிப்பு, சம்பளம் என்று எத்தனையோ காரணங்கள் மூட்டமாக நின்றன. தோட்டா ஒரு தீக்குச்சிதான்.

பிறகு வந்தவை பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காருவதற்கென்றே ஓர் அறை. காகிதத்துக்குப் பதில் பித்தளைக் கூடு. இனிமேல் நுழைவதில் தொல்லை இராது என்று எண்ணினார்கள். தொல்லை வேறு வடிவத்தில் வந்தது. 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி ஹென்றி ரைபிளின் தோட்டாக்கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது; அடியில் இரும்பு வட்டு. 1885 ஜனவரி 17ஆம் நாள் சூடானில் அபு கிலியா என்னும் இடத்தில் நடந்த போரில், சூட்டிலும் மணலிலும் அந்தக் கூடுகள் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன. வெளியே இழுத்தால் அடிவட்டு மட்டும் பிய்ந்து வந்தது. கூடு உள்ளே நின்றது. பழையது வெளியே வராமல் புதியது எப்படி உள்ளே போகும்? எதிரி கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது கத்தி முனையால் கூட்டைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சு மாதம் அதே சூடானில் டோஃப்ரெக் என்னும் இடத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த சென்னை சாப்பர் படையும் போரிட்டது. 'தம்பிகள்' என்று பெயர் பெற்ற படை அது. அவர்கள் கையில் என்ன நேர்ந்தது என்று இங்கே சொல்ல வரவில்லை. அந்த மணலை நம்மவர்களும் மிதித்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னோம். சுருட்டிய கூட்டைக் கைவிட்டு, ஒரே துண்டாக இழுத்துச் செய்த கனமான பித்தளைக் கூட்டுக்குப் படை மாறியது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

இவ்வளவும் புத்தகத்தில் கிடைத்தது. ஆனால் பித்தளைக் கூடு என்றால் என்ன, அது எப்படி உட்காருகிறது என்பதை எங்களுக்கு விளங்க வைத்தவர் எங்கள் தோட்டத்துத் தாத்தா ஒருவர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் ஒருவராக இருந்தவர். இன்று அவர் இல்லை. அன்று ஐந்தடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே பேசினார்.

"எங்க கையில இருந்தது 303 ரைபிளு, வாத்தியாரே. அந்தத் தோட்டாவுக்கு அடியில ஒரு விளிம்பு இருக்கும். டிபன் கேரியர் மூடிக்கு இருக்குமே, அந்த மாதிரி. அந்த விளிம்புதான் அறை வாசல்ல இடிச்சு நிக்கும். அதுதான் அதுக்கு அளவு. ஆனா அடுக்கறப்ப மேல இருக்கிற தோட்டா விளிம்பு, கீழ இருக்கிறதுக்கு முன்னால இருக்கணும். பின்னால போச்சு, ஒண்ணை ஒண்ணு மாட்டிக்கும். மேல உள்ளது அறைக்குள்ள போகவே போகாது. முதல் வாரமே அதைத்தான் படிச்சுக் குடுத்தாங்க."

அவர் சொன்னது எங்களுக்குப் பெரிய திறவுகோலாக அமைந்தது. 303 தோட்டாவுக்கு அளவு பிடிப்பது விளிம்பு. விளிம்பு சரியாக உட்கார்ந்தால் போதும் என்பதால், படைத் துப்பாக்கிகளில் அறையின் மற்றப் பகுதிகளைச் சற்றே தாராளமாகக் குடைந்துவிட்டார்கள். சேறும் மண்ணும் படிந்த தோட்டாகூட உள்ளே போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

போர்க்களத்துக்கு அந்தத் தாராளம் நல்லது. ஆனால் சுட்ட கூட்டை எடுத்து, மறுபடி மருந்தும் குண்டும் வைத்துக் கையாலேயே தோட்டா செய்பவர்களுக்கு அதுவே தலைவலி. சட்டம் இடம் தரும் சில நாடுகளில், அமெரிக்கா போன்றவற்றில், குறிசுடும் விளையாட்டுக்காரர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். அவர்கள் அடிக்கடி முறையிடுவது, செய்த தோட்டா அறைக்குள் முழுமையாகப் போகவில்லை என்பதுதான்.

காரணம் பித்தளையின் குணம். சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தால் கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் புகை பின்பக்கம் கசியாது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை ஒரு மயிரிழை சுருங்கும். அதனால்தான் கூட்டை வெளியே எடுக்க முடிகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுக்கத் திரும்பாது. களிமண்ணை அச்சில் அமுக்கி எடுத்ததுபோல, அந்தக் கூடு இப்போது அந்த ஒரு துப்பாக்கியின் அறைக்கு வார்ப்பாகிவிடுகிறது. அதே கூட்டை இன்னொரு துப்பாக்கியில் போட்டால், அதன் அறை சற்றுச் சிறியதாக இருந்தால், பாதியில் நின்றுவிடும். ஆகவே மறுபடி நிரப்புவதற்கு முன் கூட்டை ஓர் எஃகு அச்சுக்குள் செலுத்தி இறுக்கி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அச்சைச் சரியாக இறக்காமல் விட்டால் கூட்டின் தோள்பட்டை பின்னுக்குப் போகாது. தோள் இடித்தால் கதவு சாத்தாது.

இன்னொன்றும் நடக்கும். சுடச் சுடப் பித்தளை முன்புறமாக நகர்ந்து, கூட்டின் கழுத்து நீளும். 303 கூட்டின் நீளம் 56.44 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அளவு. நீண்ட கழுத்து அறையின் முன்முனையில் முட்டும். பலவந்தமாகத் தாழ்ப்பாளை இறக்கினால் உள்ளே போய்விடவும் கூடும். போய்விட்டதே என்று மகிழ்வதற்கில்லை. இறுகிய கழுத்து குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். விட வேண்டிய நேரத்தில் விடாது. அழுத்தம் எல்லை மீறும். ஆக, போகாத தோட்டாவைவிடக் கட்டாயப்படுத்திப் போன தோட்டாதான் ஆபத்து.

எங்கே இடிக்கிறது என்று அவர்கள் கண்டுபிடிக்கும் முறை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதில் மர்மம் ஒன்றுமில்லை. முதலில் தொழிற்சாலையில் செய்த தோட்டா அந்தத் துப்பாக்கியில் இலேசாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் போகவில்லை என்றால் குற்றம் தோட்டாவிடம் இல்லை, அறையிடம். அறையில் அழுக்கோ பழைய கூட்டின் துணுக்கோ இருக்கலாம்; துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். தொழிற்சாலைத் தோட்டா போனால், அடுத்து மருந்தும் இல்லாமல் குண்டும் இல்லாமல் வெறுங்கூட்டை, அச்சில் இறுக்கிய பிறகு போட்டுப் பார்ப்பார்கள். வெறுங்கூடே நின்றுவிட்டால் பிழை இறுக்கியதிலோ கழுத்து நீளத்திலோ இருக்கிறது. வெறுங்கூடு போகிறது, குண்டு வைத்தால் போகவில்லை என்றால் பிழை குண்டு வைத்த வேலையில். குண்டு வெளியே மிகுதியாக நீட்டிக்கொண்டிருந்து குழலின் பள்ளங்களில் முட்டலாம். அல்லது கூட்டின் வாயை மடக்கும்போது அளவுக்கு மேல் அழுத்தித் தோளைப் பிதுக்கியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்கூடத் தெரியாது. எனவே கூட்டின்மேல் மைப்பேனாவால் கறுப்பு மை பூசி, உள்ளே விட்டு எடுப்பார்கள். எங்கே மை உரசிப் போயிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்தக் காலத்தில் மைக்குப் பதில் விளக்குப் புகையைப் பிடிப்பார்களாம். நம் ஆசாரிமார் கதவு நிலையில் எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சாக்கட்டி தடவுவார்களே, அதே யுக்தி.

இவற்றையெல்லாம் எங்கள் தந்தையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒங்க பெரியப்பா கட்டைவிரல் எப்படிப் போச்சுன்னு தெரியுமா?" என்றார். பெரியப்பாவின் வலக்கைக் கட்டைவிரல் பாதிதான் இருக்கும். பால்மரம் வெட்டும் கத்தி பட்டதென்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அது 1960களில் நடந்தது. பெரியப்பா அப்போது ஒரு தோட்டத்தில் காவலாளி. கிழங்குத் தோட்டத்தை அழிக்கும் காட்டுப் பன்றிகளை விரட்ட, அனுமதி பெற்ற வேட்டைத் துப்பாக்கி ஒன்றை நிர்வாகம் அவர் கையில் கொடுத்திருந்தது. தோட்டாக்கள் காகிதக் கூட்டில் வந்தவை. அடியில் பித்தளைத் தொப்பி. ஐப்பசி மழையில் தகரக் கொட்டகையில் கிடந்து காகிதம் ஈரம் குடித்து உப்பிவிட்டது. ஒரு நாள் இரவு பன்றி எதிரே நிற்கிறது. தோட்டா முக்கால் வாசி போய் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். போகவில்லை. கட்டைவிரலை எடுக்காமலே, மடக்குக் கத்தியின் பிடியால் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். தோட்டாவின் அடி நடுவில் இருப்பது தட்டினால் தீப்பிடிக்கும் பொட்டு. துப்பாக்கி திறந்திருந்தது. வெடித்த வேகம் பித்தளைத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிற்று. பன்றி ஓடிவிட்டது. பெரியப்பாவை லாரியில் கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

உப்பிய தோட்டாவைக் கொடுத்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று தந்தையார் சொன்னார். அவரும் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். பிள்ளைகள் துப்பாக்கிப் பக்கம் போகக்கூடாதென்று கத்திக் கதையைக் கட்டிவிட்டார்கள். துப்பாக்கியைச் சொல்லியே எச்சரித்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த மாணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கொழுப்பு எதற்கென்று சொன்னோம். கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றுக்கு 0.577 என்றும் மற்றொன்றுக்கு 0.568 என்றும் எழுதி, கழிக்கச் சொன்னோம். கழித்தான். தன் கணக்கேட்டின் ஒரே ஒரு தாளைப் பிடித்து விரலால் நெருடிப் பார்த்தான். "இது மாதிரி ரெண்டு மூணு தாள் போற இடம்தானே ஐயா இருந்திருக்கும்?" என்றான். ஆமாம் என்றோம். "அப்படின்னா குண்டைக் கொஞ்சம் சின்னதாச் செஞ்சிருக்கலாமே" என்றான்.

செய்தார்கள், பிறகு செய்தார்கள் என்று சொன்னோம். மணி அடித்தது, அவன் வகுப்புக்குப் போய்விட்டான்.